ஆரோக்கியம் க்ளிப்பை மாட்டியிருந்தார்

டோல்கேட் சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக அந்த வாசனை ஏறி வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. சில்வர் பெயிண்ட். டர்பெண்டைனில் கலக்கிய அலுமினியப் பொடி. தொண்டையில் ஒரு தித்திப்பு, மூக்கின் உச்சியில் ஒரு காந்தல். எதிரே லாரிப் பட்டறையில் பம்பருக்கும் சக்கரத்துக்கும் வெள்ளி பூசிக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. ஊருக்கெல்லாம் அது பண்டிகை வாசனை. எனக்கு அப்படியில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ராயபுரத்துக்கு வேறு பஸ் பிடித்தேன். பதினொரு வருடமாக நான் போகாத ஒரு வீடு அங்கே இருக்கிறது.

எண்ணூர் சால்வென்ட் யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அங்கே சூப்பர்வைசராக இருந்த நான் விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்ன கதை ஒன்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எர்த் க்ளிப் மாட்ட மறந்து டேங்கர் லாரியில் சால்வென்ட் என்கிற, சட்டென்று தீப்பிடிக்கும் கரைப்பானை ஏற்றிய தொழிலாளி, ஒரு தீப்பொறி, வெந்துபோன ஒரு கை. வகுப்பில் பெயர் சொல்ல மாட்டார்கள். கேன்டீனில் சொல்வார்கள். யாராவது எதையாவது மறந்தால், “இன்னாடா, ஆரோக்கியம் வேல பண்ட்டியா?” என்று கேட்பது இன்றைக்கும் அங்கே நடப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

அந்தக் கதையை வகுப்பில் முதலில் சொன்னவன் நான். ஒன்பது வருடம் சொன்னேன். அது பொய்.

பொய் எங்கே புகுந்தது என்று விளங்க, ஸ்டேடிக், அதாவது நிலைமின்சாரம், என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய வித்தை இல்லை. இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் மற்றதுக்குப் போய்விடுகின்றன. கொடுத்தது பாசிட்டிவ், வாங்கியது நெகட்டிவ். புதிதாக எதுவும் பிறக்கவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உலோகத்தில் அது ஓடிவிடும். ரப்பரில், பிளாஸ்டிக்கில், நாம் ஏற்றும் சால்வென்டில் ஓட வழியில்லாமல் தங்கிவிடும். குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு சால்வென்ட் பாயும்போது ஒரு வகை மின்னூட்டம் சுவரோடு நின்றுவிடுகிறது. எதிர் வகை திரவத்தோடு பயணம் செய்து டேங்கருக்குள் சேர்கிறது. லாரி நிற்பதோ ரப்பர் டயரின் மேல். பூமிக்கும் லாரிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திவைப்பதற்குத்தான் எர்த் வயர், அதன் நுனியில் பல் வைத்த க்ளிப், அது கடிப்பதற்கென்று லாரியின் பின்பக்கம் பற்றவைத்த கட்டை விரல் அகல இரும்புத் துண்டு. லக் என்போம். இப்போது உங்களுக்குப் பச்சை விளக்கு வைத்த கருவி இருக்கிறது. எர்த் சரியில்லையென்றால் பம்ப் ஓடாது. அன்றைக்கு வெறும் வயர், வெறும் க்ளிப்.

மாதாமாதம் வகுப்பு எடுப்பேன். பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, கிழித்த காகிதத் துண்டுகளின் மேல் பிடித்துக் காட்டுவேன். எண்ணூர்க் கடற்காற்று அறைக்குள் ஈரத் துண்டு மாதிரித் தொங்கும். ஒரு காகிதமும் அசையாது.

“சார், பேப்பரு தூங்கினு கீது.”

“தலையில எண்ணெ ஜாஸ்தி சார் உனுக்கு.”

அந்தக் கூட்டத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஆரோக்கியம் எழுந்து நிற்பார். ராயபுரத்துக்காரர். காண்டிராக்ட் தொழிலாளியாகப் பதினாலு வருடம் லாரி ஏற்றியவர். குரலில் சிரிப்பும் மூச்சும் சேர்ந்தே வரும். “வுடு சார். நம்ம காத்துல பனியனே ரெண்டு நாளு காயமாட்டேங்குது. இதுல கரண்டு வந்து எங்க குந்தும்?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் முதல் தவறு அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. அசையாத காகிதத்தை மாதாமாதம் பார்த்துப் பார்த்து, இந்தக் காற்றில் சார்ஜ் நிற்காது என்று எனக்குள் ஏதோ ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஈரக் காற்று சீப்பின் மேல் படிந்து சார்ஜைக் கசியவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடற்காற்று குழாய்க்கு வெளியே இருக்கிறது. குழாய்க்குள் கடல் இல்லை.

ஆரோக்கியம் சிரித்துவிட்டு ஒழுங்காக வேலை செய்கிறவர். ஆயுத பூஜைக்கு யார்டைத் துடைத்துப் பெயிண்ட் அடிக்கும்போது, எங்கள் சொந்த டேங்கர்கள் இரண்டின் லக்கிலும் ஒரு பழைய துணியைச் சுற்றி இறுக முடிச்சுப் போடுவார், பெயிண்ட் படாமல் இருக்க. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. “கிளாஸ்ல சிரிக்கலாம் சார். லாரியாண்ட சிரிக்க முடியுமா?” என்றார் ஒருமுறை. மாதா கோயிலுக்குப் போகிற மனிதர், பூஜையில் எங்களுக்கு முன்னால் நின்று லாரிக்குச் சந்தனம் வைப்பார். “எனுக்குச் சோறு போடுறது இது. இதுக்கு இன்னா மதம்?” என்பார்.

அந்த வருடமும் துணி கட்டியிருந்தார். பூசணிக்காய் வாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நான் லாரியைச் சுற்றி வந்தேன். எனக்கு அழகின் மேல் ஒரு கிறுக்கு எப்போதும் உண்டு. டேங்கர் முழுக்கப் புது வெள்ளி. அந்தி வெயிலில் ஒரு பெரிய மீன் தரையேறி மூச்சுவிடுவதுபோல நின்றது. பின்னால் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு கந்தல். கல்யாணப் பெண்ணின் கழுத்தில் அழுக்குக் கைக்குட்டை மாதிரி. அவிழ்த்தேன். உள்ளே லக், துருவும் கீறலுமாக. டப்பாவில் மிச்சம் பெயிண்ட் இருந்தது. பிரஷ் கையில் இருந்தது. இரண்டு இழுப்பு. அது முடிய பத்து விநாடி ஆகியிருக்காது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். சில்வர்தானே, அலுமினியம்தானே, அதுவும் உலோகம்தானே என்று நினைத்தேன். பெயிண்டில் இருக்கும் அலுமினியப் பொடி ஒவ்வொன்றும் எண்ணெய்ப் பசைக்குள் தனித்தனியாக மூழ்கிக் கிடக்கிறது. ஒன்றோடொன்று கை கோப்பதில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் உலோகம், தொட்டால் உலோகம் மாதிரிதான் இருக்கும், மின்சாரத்துக்கு அது சுவர். கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் யாருக்காவது கண்ணில் பட்டிருக்கும். நான் அடித்தது உரசித் துடைத்த புது இரும்புபோல மின்னியது.

விடுமுறை முடிந்து முதல் லோடு. காலை ஒன்பது மணி. ஆரோக்கியம் எர்த் வயரை இழுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார். குனிந்து பார்த்தார். பம்ப் சுவிட்ச் பக்கம் நின்ற என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“துணிய யாரு சார் அவுத்தது? நீயா?”

“ஆமாம், நான்தான்.”

“செரி, செரி.”

க்ளிப் கவ்விய சத்தம் கேட்டது. கண்ணாலும் பார்த்தேன். கடித்துக்கொண்டு நின்றது.

நண்பர்களே, அவர் கேட்டதற்கு நான் உண்மைதான் சொன்னேன். கேட்காததை நான் சொல்லவில்லை. என் வேலை வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த இடம் அது. வேலை செய்கிற மனிதன் ஒரு கேள்வி கேட்டால், அவன் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. துணியை அவிழ்த்தது யார் என்று கேட்டவர், நான் நம்பி மாட்டலாமா என்று கேட்டார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

லோடு முடிந்தது. ஆரோக்கியம் மேலே ஏறி, டேங்கரின் வாயிலிருந்து ஏற்றும் குழாயைத் தூக்கினார். குழாய்க்கு எர்த் இருந்தது. லாரிக்கு இல்லை. குழாய் வாயின் விளிம்பை நெருங்கியபோது ஒரு சின்னச் சத்தம். ஈர விறகு ஒன்று வெடிப்பதுபோல. பிறகு நீலமும் மஞ்சளுமாக டேங்கரின் வாய்க்கு ஒரு நாக்கு முளைத்தது.

மேலே இருந்தவர் குதித்து ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையால் அந்தக் கனத்த மூடியைப் பிடித்து அறைந்து மூடினார். மூடியதும் தீ மூச்சுத் திணறிச் செத்தது. அவ்வளவுதான் நேரம். பக்கத்தில் நிறைந்த லாரி ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு டேங்க், அதற்கும் அப்பால் குப்பத்து வீடுகள். அந்த மூடியைப் போட்ட கை முழங்கை வரை வெந்திருந்தது.

கீழே டிரைவர் பதறி, தீ அணைந்தது தெரியாமல், லாரியை முன்னால் எடுத்துவிட்டான். எர்த் வயர் இழுபட்டு க்ளிப் கழன்று தரையில் விழுந்தது. ஆட்கள் ஓடி வந்தபோது எல்லோரும் பார்த்தது அதைத்தான். தரையில் கிடக்கும் க்ளிப்.

மாலை. ஆம்புலன்ஸ் போய்விட்டது, யார்டு மூடிவிட்டது. லாரிக்குப் பின்னால் தனியாகப் போனேன். லக்கின் மேல் வெள்ளிப் பூச்சில் நான்கு பல் தடங்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. ஒன்றுகூட இரும்பைத் தொடவில்லை. அந்த நான்கு தடங்களும் ஆரோக்கியம் க்ளிப் மாட்டினார் என்பதற்குச் சாட்சி. அது பிரயோஜனப்படாமல் போனதற்கும் அவைதான் சாட்சி.

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். இரும்பு வெளுக்கும் வரை தேய்த்தேன். நாளைக்கு இன்னொருவன் இதில் மாட்டுவான், அவனுக்கு ஆகக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. சரியான காரியத்தின் தோளில் ஏறிக்கொண்டுதான் தப்பான காரியம் கேட்டைத் தாண்டுகிறது. இதை நினைவில் வையுங்கள்: பழுதைக் கண்டால் சரிசெய்ய வேண்டும், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். இன்னொரு ஜோடிக் கண் பார்த்த பிறகு செய்யுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் சரிசெய்யத் தோன்றினால், அது எதற்கு என்று உங்களையே கேளுங்கள்.

மூன்று நாள் கழித்து விசாரணை. எங்கள் பெரிய இன்ஜினியர் வந்தார். பெயர் வேண்டாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். குரல் உயர்த்தாத மனிதர். “சார்ஜ் கெட்டது கிடையாது. அதுக்கு பூமிக்குப் போகணும், அவ்வளவுதான். நீ வழி விடலைன்னா அதுவே ஒண்ணு போட்டுக்கும்” என்று அடிக்கடி சொல்வார். லக்கைத் தொட்டுப் பார்த்தார். சுத்தமான இரும்பு. என்னிடம் வந்தார்.

“க்ளிப் லாரியில இருந்ததா?”

“நான் போய்ப் பாத்தப்ப கீழே கிடந்தது சார்.”

“நான் கேட்டது அதுக்கு முன்னாடி. பம்ப் போடுறப்ப.”

மேஜை மேல் மின்விசிறி ஓடியது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு நேரம் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. எனக்கு அப்போது பதவி உயர்வு வர இருந்தது. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். லக்கில் பெயிண்ட் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் அடித்தது என்பது. இதெல்லாம் ஒரு மூச்சில் வந்து போயின.

“கவனிக்கல சார்” என்றேன்.

அதுவரை நான் சொன்னதெல்லாம் பாதி உண்மைகள். அது முழுப் பொய்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரோக்கியத்தின் கையில் முழங்கைக்கு மேல் வரை கட்டு. கன்னத்தில் மருந்து. என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினார். “மாட்லன்னு சொல்லிகினு கீறாங்க சார். நீ அங்கதான நின்ன. பாத்தல்ல?”

“ஒடம்பப் பாத்துக்கோங்க ஆரோக்கியம். அதெல்லாம் அப்புறம்” என்றேன்.

ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆரோக்கியத்தின் கேட் பாஸை ரத்து செய்தார்கள், வேலை போனது. அடுத்த வருடம் யார்டுக்குப் பச்சை விளக்குக் கருவி வந்தது. அதைப் பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். உதாரணம் வேண்டுமே. மறந்த தொழிலாளியின் கதையைச் சொன்னேன். சீப்புக்கு அசையாத காகிதம்போல இல்லை அது, முகங்கள் அசைந்தன. அடுத்த மாதமும் சொன்னேன். சொல்லச் சொல்ல வழுவழுப்பாகி, ஒரு கட்டத்தில் எனக்கே தரையில் கிடந்த க்ளிப் மட்டும்தான் ஞாபகத்தில் தெரிந்தது.

இனி போன வாரம், அந்த வாசனை பஸ்ஸில் ஏறிய நாள்.

ராயபுரத்தில் ஒரு சந்தின் மூன்றாவது வீடு. கதவைத் திறந்தது ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா. அடையாளம் தெரிந்துகொண்டார், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து அவர் குரல் வந்தது. “யாரு? அட, சாரா! இன்னா சார், வயி தவறி வன்ட்டியா? குந்து, குந்து.”

தலை நரைத்திருந்தது. வலது கை விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டிருந்தன. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் காவல் வேலை என்றார். டீ வந்தது. இடது கையால் எடுத்துக் கொடுத்தார். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். துணி, பிரஷ், பல் தடம், உப்புத்தாள், கவனிக்கல சார். முடித்ததும் அவர் தன் மடங்கிய விரல்களைப் பார்த்தார்.

“அப்ப நான் மாட்னேன்.”

“மாட்டினீங்க. நான் பாத்தேன்.”

“சார், ஆஸ்பத்திரில உன்னாண்ட கேட்டேன், ஞாபகம் கீதா? நீ ஒண்ணும் சொல்லாம பூட்ட. அன்னிக்கு முய்க்க யோசிச்சேன். சார் பாத்திருந்தா சொல்லியிருப்பாரு. சொல்லலன்னா நான் மாட்டல. எனுக்குத்தான் நெனப்பு தப்பிச்சின்னு முடிவு பண்ட்டேன்.” மூச்சு வாங்கினார். “கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்ட்டேன் சார். மாட்டாம வுட்டுட்டேன், நாலு பேரு செத்திருப்பாங்கன்னு. சாமியாரு மன்னிப்பு குட்தாரு.”

செய்யாத பாவத்துக்கு ஒரு மனிதர் மண்டியிட்டிருக்கிறார். என்னை நம்பியதால் மண்டியிட்டிருக்கிறார். நான் அவருடைய கையை எரித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவருடைய நினைவையே அவர் நம்பாமல் செய்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

வாசற்படியில் நின்றிருந்த ஸ்டெல்லா அப்போதுதான் பேசினார். “எங்க அண்ணன் மவன் ரெண்டு வருசம் முன்னாடி அங்க வேலைக்குச் சேந்தான். மொத நாளே வந்து கேட்டான், அத்த, அங்க ஒரு பாடம் நடத்துறாங்க, அது நம்ம மாமாவான்னு. இவரு இன்னா சொன்னாரு தெரிமா? ‘ஆமா நைனா, நான்தான். நீ ஒயுங்கா மாட்டு’ன்னாரு. அந்தப் புள்ள ஒரு மாசத்துல வேலைய வுட்டுட்டான்.”

“என்ன மன்னிச்சிடுங்க” என்றேன், இரண்டு பேரையும் பார்த்து. அந்த அறையில் அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது என்பதை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

எழுந்தேன். ஆரோக்கியம் சந்து முனை வரை கூட வந்தார். மாலை வெயில். துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், “இன்னா மாமு, யாரு இது?” என்று கேட்டார். “நம்ம யார்டு சாரு” என்று மட்டும் சொன்னார். அந்த “நம்ம” என்ற சொல்லை நான் அன்று முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் என் தோளில் அந்த மடங்கிய கையை வைத்தார். கனமாக இருந்தது.

“மன்னிப்பு கேட்ட இல்ல, அத்தப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். அந்தப் புள்ளைங்களுக்கு எய்து. எம் பேரப் போட்டு எய்து. எய்திட்டு வந்து கேளு, அப்பால பாக்கலாம். ஏறு, பஸ்ஸு கெளம்புது.”